படலையில் நின்ற சேதி

இரண்டு கைகளாலும் வின்சன்றின் சைக்கிள் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடு ஒழுங்கையில் நின்றாள் பெர்னடெட்.

"விடுங்கோ."

"விடமாட்டன்."

"ஆரோ அம்மா... எனக்கு அடுத்த வகுப்புக்கு நேரம் போகுது. வழியை விடுங்கோ!"

ஆரோ அம்மா! வின்சன்றின் முகத்தைப் பார்த்தாள். சட்டைக் கையில் சோக் தூள். காதோரம் நரை. நல்லூரிலே 'கெமிஸ்ரி வின்சன்ற்' என்றால் பிள்ளைகள் ஓலைக்கொட்டிலுக்கு வெளியே நின்றாவது பாடம் கேட்பார்களாம். அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. இருபது வருடமாக அவளோடு ஒரு வார்த்தை பேசாத தம்பி!

வகுப்பு முடிந்து வந்த பெட்டையள் இரண்டு பேர் சைக்கிளை உருட்டிக்கொண்டே குசுகுசுத்தார்கள்.

"பாவமடி, ஆரோ தாய். ஃபீஸைக் குறைக்கச் சொல்லி மறிச்சுக்கொண்டு நிக்கிறா."

"சேர் குறைக்கமாட்டார். சேருக்கு நெஞ்சுக்குள்ளை ஐஸ்."

பெர்னடெட் குரலைத் தாழ்த்தினாள். "வின்சன்ற்... வீட்டிலை ஒரு பிள்ளை சோதினைக்கு நிக்குது. சேதன இரசாயனம் தொடவே இல்லை. படிப்பிச்ச மாஸ்ரர் கிளாலிக் கடலாலை வள்ளமேறிக் கொழும்புக்குப் போயிட்டார். நீ வந்து..."

"எந்த வீட்டிலை?"

"புத்தூரிலை. எங்கடை வீட்டிலை."

அவன் சிரித்தான். கத்தியால் கீறுவதுபோல ஒரு சிரிப்பு.

"அந்த வீட்டுக்கோ? பெத்த தாயின்ரை முகம் பாக்கவும் நீங்கள் விட்டிட்டு வராத அந்த வீட்டுக்கோ? என்ன துணிவு உங்களுக்கு!"

"ஓம், துணிவுதான்!" அவள் கண்கள் கலங்கவில்லை, எரிந்தன. "நான் ஏன் வரேல்லை எண்டு நீ ஒரு நாளும் கேக்கேல்லை. கதவைச் சாத்தினனீ. அதுக்கு ஒரு மறுமொழி என்னட்டை இருக்கு. ஆனால் அதை இஞ்சை சொல்லமாட்டன். அந்த வீட்டு விறாந்தையிலை, சொல்லவேண்டிய வாயாலையே உனக்குச் சொல்லுவிப்பன். ஒருக்கால் வா, தம்பி. அதுக்குப் பிறகு காறித் துப்பிப்போட்டுப் போ!"

வின்சன்ற் ஹாண்டிலிலிருந்து அவள் விரல்களை மெல்ல எடுத்துவிட்டான்.

"பிள்ளைக்காக வாறன்" என்றான். "உங்களுக்காக இல்லை."

அதுபோதும். பெர்னடெட் புத்தூர்ப் பக்கம் தன் சைக்கிளைத் திருப்பியபோது, எதிர்காற்றுக்கூட அவளுக்கு உறைக்கவில்லை. இரத்தினம்மா, இனி உன்ரை முறை!

அன்று விடிய அந்த வீட்டில் நடந்ததை நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பெர்னடெட்டின் புருசன் கதிரவேலுவின் தங்கை இரத்தினம்மா குசினி வாசலில் குந்தியிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். வீடு அவளுடைய சீதன வீடு. அவளுடைய புருசன் கனடாவில். வேலை போன அண்ணனுக்கும் அண்ணன் பெண்சாதிக்கும் பின்னறையைக் கொடுத்திருந்தாள். பெண்சாதிக்குக் குசினியையும் கொடுத்திருந்தாள்.

"என்ரை மோள் வதனியின்ரை டொக்டர் படிப்பு மண்ணாப் போகப்போகுது... உம்மடை தம்பியாமே, மச்சாள்! ஊரெல்லாம் பிள்ளையளை ஏத்திவிடுறாராம். இத்தனை வருசம் இந்த வீட்டுச் சோத்தைத் திண்டனீர். உமக்கு ஒரு வாய் கேக்க ஏலாதோ?"

இத்தனை வருடமாகப் பெர்னடெட் பிறந்த குருநகரின் பேரையே நாக்கில் வைக்காதவள்! பெர்னடெட்டை இந்த வீட்டில் பெர்னடெட் என்று யாரும் கூப்பிட்டதில்லை. கதிரவேலு விரும்பிக் கட்டிக்கொண்டுவந்த அன்றே அவள் 'பாக்கியம்' ஆகிவிட்டாள். கிறிஸ்தவ வேதக்காரி என்பது அயலுக்குத் தெரியக்கூடாதாம். நல்ல காரியம், கலியாணம் என்றால் அவளுடைய இடம் பின்வளவு அடுப்படி; பந்தலுக்குள் தலைகாட்டக்கூடாது.

அதையெல்லாம் பொறுத்தாள். ஒன்றை மட்டும் பொறுக்கவில்லை.

இரத்தினம்மாவின் கலியாணத்துக்கு முதல்நாள் குருநகரிலிருந்து அம்மாவின் சேதி வந்தது. வந்த சேதி வாசல் படலையைத் தாண்டவில்லை. அவள் பின்வளவில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கலியாணம் முடிந்து, பந்தலும் பிரித்தாகி, குருநகரிலிருந்து மீன் கொண்டுவந்த லூர்த்தம்மா, "என்ன மோனை, கொம்மா செத்துத் தாட்டு மூண்டாம் நாள், நீ இஞ்சை நிக்கிறாய்?" என்று கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது!

குழறிக்கொண்டு புருசனிடம் ஓடினாள். கதிரவேலு அவள் தலையைத் தடவினார்.

"இரத்தினம்தான் படலையிலை சேதியைக் கேட்டு மறைச்சுப்போட்டாள். எனக்கும் பிறகுதான் தெரியும். செத்தவீட்டுத் துடக்கோடை, தீட்டோடை கட்டின தாலி எண்டு மாப்பிள்ளை வீட்டார் அறிஞ்சால் அவளைத் திருப்பி அனுப்பிப்போடுவினம். உம்மடை தாலியிலை சத்தியம் பண்ணும், இதை ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன் எண்டு!"

சத்தியம் பண்ணினாள். நாத்தனாரின் வாழ்க்கைக்காக வாயை மூடினாள். குருநகருக்கு ஓடிய அவளுக்குப் பதினைந்து வயது வின்சன்ற் கதவைச் சாத்தியபோதும் மூடிய வாயைத் திறக்கவில்லை.

ஆனால் மறக்கவில்லை. இரத்தினம்மாவுக்குச் சோறு போடும் ஒவ்வொரு வேளையும் மறக்கவில்லை!

வின்சன்ற் வந்தான். பாடம் தொடங்கியது.

முதல் நாள் வதனி அழுதாள். இரண்டாம் நாள் சிரித்தாள். பிறகு பென்சீன் வளையத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கீறினாள். "மாமி, உங்கடை தம்பி மந்திரவாதி!" என்று பெர்னடெட்டைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லாத பெர்னடெட் தன் மடியில் போட்டு வளர்த்த பிள்ளை அது. அந்தக் கைகள் கழுத்தைச் சுற்றும்போது அவளுக்குள் ஏதோ அசைந்தது. அசையவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

இரத்தினம்மா தன் கையாலேயே சில்வர் பேணியில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி.

"சீனி இல்லை, மாஸ்ரர். குறை நினையாதேங்கோ. குடியுங்கோ."

"இந்த வீட்டுப் படலையிலை ஒருக்கால் தாகத்தோடை நிண்டனான்" என்றான் வின்சன்ற், கொப்பியிலிருந்து தலை நிமிராமல். "அண்டைக்குக் கிடைக்காத தண்ணி இண்டைக்கு இறங்காது."

பேணி ஆறியது. தினமும் ஆறியது. ஒவ்வொரு நாளும் இரத்தினம்மாவின் முகம் சுருங்குவதை, குசினி யன்னலால் பார்த்து ரசித்தாள் பெர்னடெட்.

சேதன இரசாயனப் பாடம் பாதிவழி வந்த நாள். சோதினை வாசலில் நின்றது. இதுதான் நேரம்! பெர்னடெட் விறாந்தைக்கு வந்து, மேசையில் விரிந்திருந்த கொப்பியைப் பட்டென்று மூடினாள்.

"பாடம் நிப்பாட்டு, தம்பி."

"மாமி!" வதனி துள்ளி எழுந்தாள். "என்ன மாமி செய்யிறியள்?"

"நீ இரு, பிள்ளை. இரத்தினம், இஞ்சை வாரும்! நீங்களும் வாருங்கோ!"

கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்த கதிரவேலு கையைத் துடைத்தபடி வந்தார். இரத்தினம்மா பேணியும் கையுமாக வந்து நின்றாள்.

"இருபது வருசம் உம்மடை வாழ்க்கைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தன், இரத்தினம். இண்டைக்கு நீர் வாயைத் திறவும். என்ரை தம்பி கேக்கச் சொல்லும்... படலையிலை வந்த சேதியை நீர்தான் மறைச்சனீர் எண்டு! சொல்லாட்டில், இவன் இந்தப் படலையாலை இப்பவே போறான். உம்மடை மோள் மிச்சப் பாடத்தைக் கனவிலை படிக்கட்டும்!"

"என்ன சேதி?" இரத்தினம்மா விழித்தாள்.

"நடியாதையும்! என்ரை அம்மாவின்ரை சேதி! உம்மடை கலியாணத்துக்கு முதல்நாள்!"

"முருகா! மச்சாள், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை... கொம்மா அந்த நேரம் செத்தவவோ? நீர் ஒரு பேய்க்கதை கதைக்கிறீர்! நான் படலைக்குப் போனனானோ?"

"ஓம், நீர்தான்!"

"எப்பிடிப் போறது?" இரத்தினம்மா வெடித்து அழுதாள். பேணி தளும்பித் தேத்தண்ணி காலில் கொட்டியதும் தெரியவில்லை. "பொன்னுருக்கி முடிஞ்ச பொம்பிளை நான்! தாலி ஏறுமட்டும் வீட்டுப் படி இறங்கக்கூடாதெண்டு அறைக்குள்ளை அடைச்சு வைச்சிருந்தவை. முழுகக்கூடக் கிணத்தடிக்கு விடேல்லை. வாளியிலை தண்ணி கொண்டுவந்துதான் வாத்தவை. ஊரிலை ஒரு குஞ்சைக் கேளும்! பொன்னுருக்கின பொம்பிளை படலைக்குப் போவாளோ?"

பெர்னடெட் மூடிய கொப்பியிலிருந்து கையை எடுத்தாள்.

அவளுக்குத் தெரியாது. தாலிக்குப் பொன் உருக்கிய பிறகு பெண் படியிறங்கக்கூடாது என்ற முறை, குருநகர்க் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள யாராவது அவளைப் பந்தலுக்குள் விட்டார்களா? அடுப்படிப் புகைக்குள் நின்றவளுக்கு, சொன்னதுதான் உண்மை.

சொன்னது யார்?

மெல்லத் திரும்பினாள். கதிரவேலு தவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வின்சன்ற்" என்றாள், அவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அண்டைக்கு நீ ஆரிட்டைச் சொன்னனீ?"

"இது தெரியாமலோ இவ்வளவு நாளும்..." வின்சன்ற் எழுந்தான். "அத்தானிட்டைத்தான், அக்கா. அவர்தான் படலைக்கு வந்தவர். 'நில், கேட்டுக்கொண்டு வாறன்' எண்டு உள்ளை போனவர். திரும்பி வந்து, 'உன்ரை அக்கா வரமாட்டாவாம்' எண்டு சொன்னவர். நான் அதை நம்பினனான்... இருபது வருசம் நம்பினனான், அக்கா!"

அக்கா! அந்தச் சொல் வந்து விழுந்ததும் பெர்னடெட் அவன் பக்கம் கையை நீட்டினாள். வின்சன்ற் பாய்ந்து பிடித்துக்கொண்டான். பதினைந்து வயதில் அழாத அழுகையெல்லாம் அவன் அவள் தோளில் அழுதான்.

"அண்ணை!" இரத்தினம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "என்ரை பேரைச் சொல்லியோ? என்னை ஒரு பழிகாரியாக்கியோ? அதுதானே மச்சாள் ஒரு நாளும் என்ரை முகத்தைப் பாத்துச் சிரிக்கேல்லை! நானும் இவவுக்குத் திமிர் எண்டு நினைச்சுக் கரிச்சுக் கொட்டினன்... மச்சாள், நான் செய்தது வேறை, அதுக்கு என்னை என்ன வேணுமெண்டாலும் சொல்லும். இது நானில்லை!"

பெர்னடெட் அவளைப் பார்த்தாள். இருபது வருடப் பகை, தவறான படலையில் காத்துக்கிடந்த நாய்போல அவள் காலடியில் சுருண்டது. இனி அதற்குச் சரியான வீடு தெரிந்துவிட்டது.

உள்ளே போனாள். ஒரு சேலையும் பழைய செபமாலையும் எடுத்து உமல் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். வதனி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"மாமி, நான் என்ன செய்தனான்? என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ!"

"நீ ஒண்டும் செய்யேல்லை, குஞ்சு." குனிந்து பிள்ளையின் கண்ணீரைத் துடைத்தாள். "உன்னை வைச்சு விளையாடப் பாத்தது நான்தான். நாளைக்குக் காலமை கொப்பியளோடை நல்லூருக்கு, தம்பி வீட்டுக்கு வா. வின்சன்ற் மாமா மிச்சத்தை முடிச்சுத் தருவார். மாமி சோறு குழைச்சுத் தருவன். சோதினை முடியுமட்டும் அங்கையே நில்."

"பாக்கியம்..." கதிரவேலு வாயைத் திறந்தார்.

"பெர்னடெட்!"

பையைத் தோளில் மாட்டினாள்.

"இரத்தினமும் வரலாம், எப்பவும் வரலாம். நீங்கள் வரக்கூடாது. வந்தால் தம்பி படலையிலை உங்களை நிப்பாட்டி வைச்சு உள்ளை வருவான். பிறகு வந்து சொல்லுவான், 'அக்கா வரமாட்டாவாம்' எண்டு. நீங்கள் நம்புங்கோ. நாங்கள் நம்பினது போலை நம்புங்கோ!"

வின்சன்ற் சைக்கிளை எடுத்தான். அவள் படலையைத் திறந்தபோது பின்னால் கதிரவேலு தடுமாறி ஓடிவந்தார்.

"இஞ்சாரும்... ஒரு சொல்லுக் கேளும்! மாப்பிள்ளை வீட்டார் பந்தலுக்குள்ளை நிண்டவை. நீர் குருநகரெண்டு அவைக்குத் தெரியாது. செத்தவீட்டுத் துடக்கெண்டு சொன்னால் கலியாணம் நிண்டிருக்கும்! செத்தவ எப்பிடியும் செத்திட்டா, இனி ஓடிப்போய் என்ன எண்டு நினைச்சன்... அது பிழையெண்டால் மன்னியும். ஒரு தங்கச்சிக்காக ஒரு அண்ணன் செய்த பிழை..."

பெர்னடெட் நின்றுவிட்டாள். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடுவதை இத்தனை வருடத்தில் முதல்தடவையாகப் பார்த்தாள். தங்கச்சி... துடக்கு... செத்தவ திரும்பி வரப்போவதில்லை... படலையில் வைத்த கை கொஞ்சம் தளர்ந்தது.

வின்சன்ற் சைக்கிளை மதிலில் சாய்த்தான்.

"எந்தச் செத்தவீடு, அத்தான்?"

கதிரவேலு பின்வாங்கினார்.

"அக்காவைப் பாத்துச் சொல்லுங்கோ. நான் அண்டைக்கு என்ன சொன்னனான்? சொல்லமாட்டியளோ? சரி, நான் சொல்லுறன்." அவன் தமக்கையின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அக்கா, நான் செத்தவீடு சொல்ல வரேல்லை. 'பெர்னாவைக் கூட்டிக்கொண்டு வா, ஒருக்கால் பாக்கவேணும்' எண்டு என்னை அனுப்பினதே அம்மாதான். நான் தனியத் திரும்பிப் போகேக்கையும் அவ வாசலைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவ. பொழுதுபடுமட்டும் உயிரோடை இருந்தவ, அக்கா."