இரண்டு கை, இரண்டு நூல்

தலைமை ஆசிரியர் சிசாவத்துக்கு ஒரே ஒரு பலவீனம். யார் என்ன கேட்டாலும் "முடியாது" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "வாங்க, வாங்க" என்றுதான் வரும்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை காலையில், மேகாங் ஆற்றங்கரைப் பள்ளியின் வாசலில் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஒன்றில் வந்தவர்கள் பள்ளிக்குப் புதுக் கூரை போட்டுத் தரப்போகும் பெரிய நாட்டுக்காரர்கள். இன்னொன்றில் வந்தவர்கள் தண்ணீர்க் குழாய் போட்டுத் தரப்போகும் வேறொரு பெரிய நாட்டுக்காரர்கள். இரண்டு நாடுகளுக்கும் ஏழாம் பொருத்தம். பிள்ளைகள் அவர்களுக்குக் கூரைக்காரர், குழாய்க்காரர் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"ரெண்டு பேரையும் ஒரே நாள்லயா சார் வரச் சொன்னீங்க?" என்றாள் ஐந்தாம் வகுப்பு சந்தாலி. ஊர் வழக்கப்படி விருந்தாளிகளை வாழ்த்தி மணிக்கட்டில் கட்ட வேண்டிய வெள்ளை நூல்கள் அவள் கையிலிருந்த தட்டில் இருந்தன.

"ஆசையா கேட்டாங்கம்மா…" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

உள்ளே, வாழையிலையும் சாமந்தியும் அடுக்கிய பூக்கூம்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"முதல் நூல் எங்களுக்குத்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் கூரைக்காரர் தலைவர்.

குழாய்க்காரர் தலைவர் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு முதல்ல கட்டினா, நாங்க இப்பவே வண்டி ஏறிடுவோம்."

தலைமை ஆசிரியர் சந்தாலியைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார். "நம்ம நாடு சின்ன நாடு. இவங்க கோவிச்சுக்கிட்டா மழையில நனையணும். அவங்க கோவிச்சுக்கிட்டா ஆத்துத் தண்ணியைத் தூக்கணும். யாரைம்மா பகைச்சுக்கிறது?"

நேற்றைய மழையில் நனைந்த கணக்கு நோட்டு சந்தாலியின் பையில் இன்னும் காயவில்லை. காலையில் வாளி தூக்கிய தோள் வலித்தது. இரண்டில் எதையும் விட அவளுக்கு மனமில்லை.

"சீட்டுக் குலுக்கிப் போடலாமா?" என்றார் அவர்.

"தோத்தவங்க போயிடுவாங்களே சார்!"

சந்தாலி தட்டைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தாள். சட்டென்று இரண்டு நூல்களை எடுத்துக்கொண்டு தட்டை அவரிடமே கொடுத்துவிட்டுப் போய், இரண்டு தலைவர்களிடமும் ஆளுக்கொரு நூலைக் கொடுத்து, அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"ஐயா, எங்க வழக்கத்துல விருந்தாளிங்களும் பிள்ளைங்களுக்கு நூல் கட்டி வாழ்த்தலாம். நீங்க இந்தக் கையில, நீங்க அந்தக் கையில. ஆனா ஒரே நேரத்துல கட்டணும். ஒருத்தர் முந்திட்டாலும் வாழ்த்து பலிக்காது!"

கடைசி விதி அவள் அப்போதுதான் உண்டாக்கியது. தலைமை ஆசிரியருக்குப் பொய் இருமல் வந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். தடித்த விரல்களால் முடிச்சுப் போடத் தெரியாமல் இருவரும் திண்டாடினார்கள். ஒருவர் தடுமாறினால் மற்றவர் காத்திருந்தார். வாழ்த்து எல்லோருக்கும் சேரட்டும் என்று, வழக்கப்படி பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் முழங்கையைத் தொட்டுக்கொண்டார்கள். கூரைக்காரர் ஒருவர் தொட்டது குழாய்க்காரரின் முழங்கையை. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

கூரைக்காரர் தலைவர் மட்டும் விடவில்லை. "உண்மையைச் சொல்லும்மா. எந்தக் கை உனக்கு முக்கியம்?"

சந்தாலி விருந்துக்கு வைத்திருந்த, கையில் உருட்டிச் சாப்பிடும் ஒட்டும் அரிசிச் சோற்றுக் கூடையை எடுத்தாள். "கூடையைப் பிடிக்க இந்தக் கை, சோத்தை உருட்ட அந்தக் கை. ஒண்ணு இல்லேன்னாலும் நான் பட்டினிதான் ஐயா!"

முதலில் சிரித்தவர் குழாய்க்காரர் தலைவர். அடுத்த நொடி கூரைக்காரர் தலைவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பெருமழைக்கு முன்பே கூரை வந்தது, குழாயும் வந்தது.

ஒரு நாள் தலைமை ஆசிரியரின் தொலைபேசி ஒலித்தது. மூன்றாவதாக ஒரு பெரிய நாடு! பள்ளிக்கு நூலகம் கட்டித் தருகிறார்களாம். கூரைக்காரரும் குழாய்க்காரரும் மறுபடி வரப்போகும் அதே வெள்ளிக்கிழமை அவர்களும் வரலாமா என்று கேட்டார்கள்.

"வாங்க, வா…" என்று தொடங்கியவர், வாசலில் நின்ற சந்தாலியைப் பார்த்தார்.

அவள் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக் காட்டினாள். "சார், எனக்கு ரெண்டு கைதான் இருக்கு!"

தலைமை ஆசிரியர் வாழ்க்கையிலேயே முதல் முறையாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை முடியாதுங்க. சனிக்கிழமை வாங்க!"