சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த வீடு

கரண்டிச் சத்தம் கேட்டபோது டோம்னிகா மதியப் பாத்திரங்களைக் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோப்பையின் விளிம்பில் இரண்டு தட்டு. சர்க்கரையைக் கலக்கி முடித்தவர்கள், கரண்டியில் ஒட்டிய கடைசிச் சொட்டையும் விட மனசில்லாமல் தட்டுவார்களே, அந்தத் தட்டு. சத்தம் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். போனில் ருமேனியாவில் இருக்கும் அவள் வீட்டுச் சமையலறை தெரிந்தது. மேசை, அடுப்பு, ஜன்னலில் தொங்கும் பின்னல் திரை. ஆள் யாரும் இல்லை. புருஷன் நெகுலாய் ரொட்டி ஆலையில் விடியற்கால ஷிப்ட் முடித்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருப்பான். மகள் இலிங்கா இன்னும் பள்ளியில். அப்படிக் கரண்டியைத் தட்டுகிற ஒரே ஆளைப் போன நவம்பரில் புதைத்தாகிவிட்டது.

இத்தாலியில் கிழடுகளைப் பார்த்துக்கொள்ள வந்த எங்கள் பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வீடியோ அழைப்பைப் போட்டால் கட் பண்ணுவதில்லை. காலையில் போட்டது படுக்கும்வரை ஓடும். பேசுவது கொஞ்சம்தான். அங்கே அவர்கள் சாப்பிடுவார்கள், சண்டை போடுவார்கள். இங்கே நாங்கள் யாரோ பெற்ற தாய்க்குக் கால் கழுவிக்கொண்டிருப்போம். இதற்குப் பெயர் 'வீட்டைத் திறந்து வைப்பது'. நாங்கள் வேலை பார்க்கும் ரொவிகோ ஊரின் பூங்காவில் வியாழக்கிழமை மதியம் கூடுகிறபோது பாதிப் பேச்சு இதுதான். ஒருத்தி தன் சமையலறையில் யாருடையதோ சிவப்புச் செருப்பைப் பார்த்துவிட்டாள். அவள் கதை தனி, இன்னொரு நாள் சொல்லலாம்.

டோம்னிகாவின் கதை வேறு மாதிரி. மற்ற மருமகள்கள் மாமியாரிடமிருந்து தப்பித்துக்கொள்ள வெளிநாடு போவார்கள். இவள் மாமியாரைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ரொட்டிப் பெட்டி மேல் டேப்லெட். அதற்கு நேர் எதிரே நாற்காலி. நாற்காலியில் பராஸ்கிவா, கறுப்பு முக்காடும் காபிக் கோப்பையுமாக. "அவ்வளவு எண்ணெயா? உங்கப்பன் எண்ணெய்க் கிணறா வெச்சிருந்தான்?" என்று ஊரிலிருந்தே கேட்பாள். கேட்டுவிட்டுக் கரண்டியை இரண்டு தட்டு. தீர்ப்பு சொல்லியாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த பராஸ்கிவா செத்தபோது டோம்னிகாவால் போக முடியவில்லை. தொண்ணூறு தாண்டிய வீட்டம்மா சிஞோரா இனேஸைப் பார்த்துக்கொள்ள மாற்றாள் கிடைக்கவில்லை. அதனால் சாவு வீட்டையும் போனில்தான் பார்த்தாள். வீட்டுக்கு வந்த பெண்கள் முறைப்படி கண்ணாடிகளை மூடினார்கள். நடைக்கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, டிவி. செத்தவர் புதைக்கப்படும்வரை வீட்டைவிட்டுப் போகமாட்டார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டால் அதற்குள் போய்விடுவார், அப்புறம் வெளியே வரும் வழி தெரியாது. இதெல்லாம் எங்கள் ஊரில் பால்குடி மாறாத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கடைசியில் அண்டை வீட்டு அக்லாயா ஒரு துண்டோடு டேப்லெட்டின் முன் வந்து நின்றாள்.

"மூடாதீங்க அக்லாயா அக்கா," என்றாள் டோம்னிகா.

"கண்ணாடின்னா கண்ணாடிதாம்மா. இதுலயும் மூஞ்சி தெரியுதுல்ல."

"நான்தான் தெரியறேன் அதுல. அதையும் மூடிட்டா நான் எங்க போவேன்? அத்தைக்கு மெழுகுவத்தி ஏத்தக்கூட நான் அங்க இல்ல. பாக்கவாவது விடுங்க."

அக்லாயா உதட்டைப் பிதுக்கினாள். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இரவும் பகலுமாக டேப்லெட் சவப்பெட்டியின் கால்மாட்டில் நின்றது. சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்த போனின் திரை முழுக்க அந்த முகம். வாய் திறந்துவிடாமல் இருக்க மோவாயைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி. டோம்னிகா அதைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள், சிஞோராவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், நின்றபடியே கண்ணயர்ந்தாள்.

கரண்டிச் சத்தம் கேட்ட அன்று மாலை நெகுலாய் எழுந்து வந்து மேசையில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"மத்தியானம் எந்திரிச்சு காபி குடிச்சியா?"

"நானா? மாவு மூட்டை மாதிரி கெடந்தேன். ஏன்?"

"கரண்டிச் சத்தம் கேட்டுச்சு. அத்தை தட்டற மாதிரியே."

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்குத் தெம்பு அவனிடமும் இல்லை. "மேல் வீட்டுல குழாய் தட்டும். நீ ஒழுங்கா தூங்கு. உன் மூஞ்சி பிழியாம விட்ட துணி மாதிரி இருக்கு."

"உன்னுது மட்டும் இஸ்திரி போட்டா இருக்கு?"

அதற்குள் இலிங்கா இருவருக்கும் நடுவே தலையை நுழைத்தாள். "அம்மா, முத்தம்." இதுவும் அன்றாட வழக்கம். அந்தப் பக்கம் அவள் கண்ணாடியில் உதட்டை வைப்பாள். இந்தப் பக்கம் டோம்னிகா வைப்பாள். குழந்தையின் மூச்சுப் பட்டு அங்கே கண்ணாடி மங்கும், நெகுலாய் சட்டைக் கையால் துடைப்பான். இங்கே மங்காது. ஐந்து வயதில் விட்டு வந்த பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. டோம்னிகாவின் தாய்மை என்று மிச்சமிருந்தது அந்தக் கண்ணாடி முத்தம் ஒன்றுதான். ஈஸ்டருக்கு ஊருக்குப் போய் அந்தக் கன்னத்தைக் கையால் தொடவேண்டும். அதற்காகத்தான் இத்தனை கால் கழுவலும்.

மறுநாள் மதியமும் கரண்டி தட்டியது. அடுத்த நாளும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரொவிகோவில் ஊரே மரக்கதவுகளைச் சாத்திவிட்டுப் படுத்துவிடும். சிஞோராவின் சமையலறையில் அப்போது கதவு இடுக்குகள் வழியே வருகிற வெளிச்சக் கோடுகள் மட்டும் தரையில் கிடக்கும். குளிர்சாதனப் பெட்டி முனகி முனகி ஓயும். வைஃபை பெட்டியின் பச்சைப் பொட்டு அலமாரி மேல் கண் சிமிட்டும். நடையின் கடைசி அறையில் சிஞோரா மூச்சை இழுத்து விடுகிற சத்தம், பழைய கதவைத் திறந்து மூடுவதுபோலக் கேட்கும். டோம்னிகா மேசையில் தலை சாய்த்து, பாதித் தூக்கத்தில், போனுக்குள் இருந்த தன் வெறும் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தட்டும். தலை தூக்குவாள். அங்கே எதுவும் அசைந்திருக்காது. பின்னல் திரைகூட.

அப்புறம் வாசம் வந்தது. மெழுகும், காய்ந்த துளசியும், செத்தவர்களுக்குப் படைக்கிற வேகவைத்த கோதுமையும் சேர்ந்த வாசம். சாவு வீட்டு வாசம். ஊர் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டாள். அலுத்துப்போன உடம்புக்கு எல்லா வாசமும் வரும் என்று மறுபடி கண்ணை மூடினாள். மூடியவள் மூடியபடியே விறைத்தாள். போன் வழியாகச் சத்தம் வரும். படம் வரும்.

வாசம் வராது.

சமையலறை மூலையில், கூரையை ஒட்டி, ஒரு காமிரா இருந்தது. சிஞோராவின் மகன் ஜான்பிராங்கோ மாட்டியது. மிலானில் இருந்துகொண்டு அம்மாவைத் தினமும் பார்க்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லுவார். பார்க்கத்தான் பார்த்தார், அந்தக் காமிரா வழியாக. தோன்றினால் அதன் வழியே பேசவும் செய்வார், கடவுள் மாதிரி மேலேயிருந்து. இப்போது பேசினார்.

"டோம்னிகா. உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா உங்க சிநேகிதியை எல்லாம் வீட்டுக்குக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு முன்னாடியே சொன்னேன்ல?"

"யாரும் இல்லையே சார்."

"எனக்கென்ன கண்ணு தெரியாதா? ஒரு வாரமா பாக்கறேன். அந்தக் கறுப்பு முக்காடு அம்மா. தினம் மத்தியானம் உங்க பின்னாடி உட்கார்ந்து காபி குடிக்கிறாங்க. இப்பவும்தான் இருக்காங்க. அவங்களை அனுப்பிடுங்க, ப்ளீஸ்."

காமிராவில் க்ளிக் என்று ஒரு சத்தம். கடவுள் போய்விட்டார்.

டோம்னிகா திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது, பின்னால் சுவரோரம் ஒரு நாற்காலி. காலி நாற்காலி. காலியாகத்தான் இருக்கவேண்டும். இத்தனை நாளும் கரண்டி தட்டியது ஊரில் இல்லை. இங்கே. மூடாமல் விட்ட கண்ணாடி வழியாக இங்கே வந்திருக்கிறாள். ஒரு நிமிடம் கழித்து டோம்னிகாவுக்கு வந்தது பயமில்லை, கேட்டால் சிரிப்பீர்கள், நிம்மதி. இங்கே இருந்தால் அங்கே இல்லை. இலிங்காவிடம் இல்லை.

ஆனால் வந்த வழி திறந்தே கிடக்கிறது. குழந்தை பள்ளியிலிருந்து வந்து, டேப்லெட்டின் முன் உட்கார்ந்து, முத்தம் கேட்கும்.

வெறும் சமையலறையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். கட் பண்ணினாள். திரை கறுத்தது. பாத்திரம் துடைக்கிற துண்டை அதன் மேல் போர்த்தினாள். எழுந்து, நாற்காலிப் பக்கம் கண்ணைத் திருப்பாமல், வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். பச்சைப் பொட்டு அணைந்தது. பிறகு மற்றதையெல்லாம் மூடினாள். அடுப்புக் கதவின் கண்ணாடி, டிவி, நடைக்கண்ணாடி. துண்டு தீர்ந்துபோய், சிஞோராவின் கஞ்சி போட்ட மேசை விரிப்புகளை எடுத்தாள். கடைசி அறையின் அலமாரிக் கண்ணாடிக்கு வந்தபோது கட்டிலிலிருந்து குரல்.

"யாரு செத்தது?"

"என் மாமியார், சிஞோரா."

"எப்போ?"

"நவம்பர்ல."

கிழவி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். இத்தாலிப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கும் இந்த முறையெல்லாம் தெரியும். "இப்ப மூடறியே. உள்ள போனவ எப்படி வெளிய வருவா?"

நடையில் லேண்ட்லைன் அடித்தது. யாரும் அழைக்காத பழைய போன். ஆபத்துக்கு மட்டும் என்று அந்த நம்பரை டோம்னிகா நெகுலாயிடம் கொடுத்திருந்தாள். ஓடிப்போய் எடுத்தாள்.

"என்ன டோம்னிகா, பிள்ளையைச் சாப்பிட விடமாட்டியா?" தூக்கம் கலையாத குரல். "ஸ்கூல்லேருந்து வந்ததும் உன்கிட்ட உட்கார்ந்தது. களி ஆறிப்போச்சு. கூப்பிட்டா வரமாட்டேங்குது. உன்னோட அந்தப் போன் பிசியா இருக்கு, அதான் இதுல அடிச்சேன். போதும்னு நீயே சொல்லு அதுக்கு."

"யார்கிட்ட உட்கார்ந்திருக்கா?"

"யார்கிட்டவா? உன்கிட்டதான்."

"நெகு. நான் கட் பண்ணிட்டேன். வைஃபையே இல்ல இங்க."

"ஆமா, கட் பண்ணிட்டேன்னு ஒரு வாய் பேசுது, கதை சொல்றேன்னு ஒரு வாய் பேசுது. உனக்கு எத்தனை வாய்?"

அவன் குரலுக்குப் பின்னால், தூரத்தில், இலிங்கா சிரித்தாள். அவள் சிரிப்பு ஓய்ந்த இடத்தில் இன்னொரு குரல். களைத்த குரல், கொஞ்சம் கரகரப்பு, 'கண்ணு' என்று இழுக்கிற இழுப்பு. டோம்னிகாவின் குரல். தன் குரலைப் பிறர் கேட்பதுபோல அவள் கேட்டாள்.

"இன்னும் கிட்ட வா கண்ணு. இன்னும் கிட்ட."

பிறகு, கோப்பை விளிம்பில், இரண்டு தட்டு.

"மூடு. எதையாவது போட்டு மூடு நெகு. கோட்டு, போர்வை, எதாவது. அவளைத் தூக்கு அங்கேருந்து."

"நல்லா தூங்குன்னு சொன்னேன்ல உன்கிட்ட," என்றான் அவன், அலுப்போடு. "இரு, காலுறையைப் போட்டுக்கறேன். தரை ஐஸா இருக்கு."

ரிசீவர் கையிலிருந்து நழுவித் தொங்கியது. சமையலறை. மேசை. துண்டு. துண்டின் கீழே வெளிச்சம். நீல வெளிச்சம், இழைகளுக்கு இடையே கசிந்துகொண்டிருந்தது. நாற்காலி காலி. இப்போது நிஜமாகவே காலி.

துண்டை இழுத்தாள்.

அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்க இலிங்கா. முன்பல் விழுந்த சிரிப்பு. கண்கள் பாதி மூடி, உதடு குவிந்து, கிட்ட வந்துகொண்டிருந்தது. டோம்னிகா கத்தினாள். குழந்தையின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். நகம் மடங்கும்வரை.

திரையின் மூலையில் அந்தச் சின்னக் கட்டம். எப்போதும் அவள் முகம் தெரிகிற கட்டம்.

அதில் வெள்ளைத் துணி. மோவாயைச் சுற்றி, உச்சந்தலையில் முடிச்சு. மூடிய கண்கள்.

இலிங்காவின் உதடு கண்ணாடியில் பட்டது.

கட்டத்துக்குள் முடிச்சு மெல்ல அவிழ்ந்தது. வாய் திறந்தது.

டோம்னிகாவின் கையிலிருந்த கண்ணாடி, இந்தப் பக்கம், மங்கத் தொடங்கியது.