மூன்றாவது கம்பி

அடுப்பு சத்தமின்றி எரிந்தது. ஆறு குளிர்காலங்களாக அதன் பின்புறத்திலிருந்து ஓயாமல் எழுந்துகொண்டிருந்த கிரீச்சொலி முதல்நாள் இரவோடு நின்றுபோயிருந்தது. அந்த அமைதிக்காகவும்தான் சபாரத்தினம் அத்தனையும் செய்திருந்தார். ஆயினும் திங்கட்கிழமை பிற்பகல், இல்ஃபோர்ட் வீட்டின் முன்னறையில், செய்தித்தாளின் ஒரே பத்தியை நான்காம் தடவையாக வாசித்துக்கொண்டிருந்தபோது, அமைதி முழுமையானதல்ல என்பதை அவர் உணர்ந்தார். யாரோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அவரைத் தவிர எவரும் இல்லை. 2009 பெப்ரவரியின் அந்தப் பனிப்பொழிவில் பஸ் எதுவும் ஓடவில்லை. ரெயில்களும் தடைப்பட்டதால் பணிமனை அவரை வரவேண்டாமென்று சொல்லிவிட்டது. மனைவி வத்சலா நகரின் மறு எல்லையில், ஹரோவில், தன் தங்கை மயூராவின் வீட்டில் இருந்தாள்.

அந்த வீட்டை நினைத்தாலே அவருக்கு நெஞ்சு கசந்தது. இரு குடும்பங்களும் சுவிஸிலிருந்து வந்தவை. அங்கே பழகிய, மரத்தூள் உருளைகளை எரிக்கும் பெல்லட் அடுப்பையே இரண்டும் இங்கேயும் பொருத்தியிருந்தன. ஒரே தொழிற்சாலை, ஒரே உருவம். ஆனால் மயூராவின் கணவன் துஷாந்தனுடையது ஐந்து வருடம் பிந்தியது. இங்கே மேலங்கியைக் கழற்றாமல் உட்காரும் வத்சலா, அங்கே காலுறைகளைக் களைந்துவிட்டு, கால்களை நீட்டி, முகத்தில் நிறம் ஏறி, பத்து வயது குறைந்தவள்போல் இருந்தாள். துஷாந்தன் பேசினால் சிரித்தாள்.

“அண்ணை, உங்கட அடுப்புக் கத்துற கத்துக்குச் சூடும் தந்துதெண்டால் அதில ரெயிலே ஓட்டலாம்,” என்று டிசம்பர் நத்தார் விருந்தில் அவன் சொன்னபோதும் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை. பன்னிரண்டு வருட மணவாழ்வில் சபாரத்தினம் அந்தச் சிரிப்பை ஒருமுறையும் வரவழைத்ததில்லை.

அவர் ரெயில் பணிமனையில் உதிரிப்பாகங்களுக்குப் பொறுப்பானவர். நத்தாருக்குப் பின் ஒரு தாளில் இரண்டு அடுப்புகளின் முப்பத்தொரு பாகங்களையும் எதிரெதிரே எழுதி, அளவுகளை ஒப்பிட்டார். எரிகலன், கண்ணாடி, கதவின் அடைப்புக் கயிறு, உருளைகளைத் தள்ளும் திருகு: முப்பது பாகங்கள் ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்தின. புகையை வெளியே இழுக்கும் விசிறி மட்டும் அவரை மூன்று இரவுகள் யோசிக்க வைத்தது. விட்டமும் ஆணித்துளைகளும் ஒன்றே. ஆனால் பழையதற்கு இரண்டு கம்பிகள், புதியதற்கு மூன்று. விசிறி சுழல்கிறதா என்று அடுப்புக்குச் சொல்வது அந்த மூன்றாவது கம்பி. சுழற்சி நின்றால், நச்சுப்புகை அறைக்குள் நிறையாதபடி அடுப்புத் தானாகவே அணைந்துவிடும்.

விசிறி எந்நேரமும் சுழல்கிறது என்று பொய் சொல்லும் ஒரு சிறு மின்சுற்றை அவர் செய்தார். அது தீப்பெட்டியளவுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துஷாந்தனே திருப்புளியைக் கையில் கொடுத்தான். “உள்ளுக்க என்ன இருக்கெண்டு அண்ணைக்குத்தான் தெரியும்,” என்று, சாம்பலைத் துப்பரவாக்கும்படி சொல்லிவிட்டு, பெண்களை ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போனான். ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. அவர் பையிலிருந்த கிரீச்சிடும் விசிறி, அந்த மின்சுற்றோடு, அங்கே போனது. நல்லது அவர் பைக்குள் வந்தது.

அவர் விரும்பியது மிகச் சிறியது. அந்த வீடும் கத்தவேண்டும், அந்த வீடும் குளிரவேண்டும், வத்சலா வீட்டுக்கு வரவேண்டும்.

“நான் ரெண்டு நாள் இஞ்ச நிக்கிறன்,” என்றாள் வத்சலா அன்று மாலை. “நீங்கள் போங்கோ. பனி கொட்டப் போகுதாம்.”

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

இப்போது அவர் அடுப்பின் முன் மண்டியிட்டுக் காதை வைத்தார். சூடான இரும்பின் வாசனைக்கு அடியில் மயூராவின் சமையலறைத் தாளிதம் மணத்தது. அதற்கும் அடியில், தலையிடி வரும்போது வத்சலா நெற்றியில் தடவும் தைலம். மூச்சுகள் மூன்று. ஒன்று ஆழமானது, ஆணுடையது. மற்ற இரண்டும் மெல்லியவை. ஒன்றுக்கொன்று வேறுபாடே இல்லாதவை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அயர்ந்தவர்களின் மூச்சு, ஆனால் இடைவெளிகள் நீளமாக இருந்தன. நீண்டுகொண்டும் போயின.

அவர் வத்சலாவின் கைத்தொலைபேசிக்கு அழைத்தார்.

மணி அடுப்புக்குள்ளிருந்து ஒலித்தது.

மெல்லியதாக, தூரத்தில், இரும்புக் குழாய்க்கு அப்பால், அவளுடைய அந்தப் பழைய மெட்டு. எவரும் எடுக்கவில்லை. எவருடைய மூச்சும் மாறவில்லை. மறுபடி அழைத்தார். மறுபடி ஒலித்தது. பழைய விசிறி கடுங்குளிரில் சிலவேளை நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டுமே தெரியும். இங்கே நின்றபோதெல்லாம் அவர் எழுந்து ஜன்னலைத் திறந்திருக்கிறார்.

அவசர இலக்கத்தை அழுத்தவேண்டும். அழுத்தினால் காரணம் கேட்பார்கள். ‘விசிறி பழுதடைந்திருக்கலாம்’ என்ற வாக்கியத்தை மனத்துள் அமைத்தார். ‘இருக்கலாம்’ வேண்டாம். ‘பழுதடைந்திருப்பதாகத் தெரிகிறது.’ எப்படித் தெரியும்? வேறு வாக்கியம். வெளியே வெளிச்சம் வடிந்து பனி நீலமாகியிருந்தது.

ஒரு மூச்சு நின்றது.

ஆழமானதாக இருக்கட்டும். அவர் அப்படித்தான் வேண்டினார். வேண்டியதை அவரே கேட்டார்.

ஆழமானது தொடர்ந்தது. நின்றது மெல்லியவற்றில் ஒன்று. எது? கண்ணை மூடி, எஞ்சியதில் மனைவியைத் தேடினார். ஒவ்வொரு இரவும் பக்கத்தில் கேட்ட மூச்சு. அடையாளம் தெரியவில்லை.

பிறகு அதுவும் இல்லை.

ஆண்மூச்சு மட்டும். அவளுக்கு அருகில் கடைசிவரை அவன். அந்த எண்ணம்தான் முதலில் வந்தது. கண்ணீர் அதற்குப் பின்னரே.

விரல் தானாக இலக்கத்தை அழுத்தியது. தீயணைப்பா, அம்புலன்ஸா, பொலிஸா என்று ஒரு பெண்குரல் கேட்டது. அவர் வாய் திறந்தார். அடுப்பின் கண்ணாடி உட்புறமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. தீ மறைந்தது. கரியின் நடுவே, உள்ளேயிருந்து, ஓர் உள்ளங்கை படிந்தது.

“வத்சலா,” என்றார்.

தொலைபேசியைக் கீழே போட்டார். தம் கையை அதன்மேல் வைத்தார். கண்ணாடி பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், பழக்கத்தால் அளந்தார். பெண்கை அல்ல. விரலுக்கு விரல், ரேகைக்கு ரேகை, இம்மியும் பிசகாமல் அவருடைய கைக்குப் பொருந்திய கை.

கையை இழுத்தார். வரவில்லை.

மறுபுறத்து விரல்கள், ஒவ்வொன்றாக, கண்ணாடியைக் கடந்து அவர் விரல்களுக்கிடையே மடங்கின.