பஸ்ரா சட்டை

காலையில் முப்பத்தாறு அங்குலம் என்று எழுதிவைத்த மார்பளவு, மத்தியானம் அளந்தபோது முப்பத்தேழரையாக இருந்தது.

ஜெயினுலாப்தீன் இஞ்சு டேப்பை உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். முப்பத்தேழரைதான். வெட்டுமேசையின் மேல் அந்தக் காக்கிச் சட்டை மல்லாந்து கிடந்தது. நனைந்த துணி சுருங்கும், வெயிலில் கிடந்த துணி வெளுக்கும். மூன்று மணி நேரத்தில் ஒன்றரை அங்குலம் பெருத்த துணியை அவர் தம்முடைய இருபது வருஷத் தொழிலில் கண்டதில்லை.

"அய்யாத்துரை, காலையில அளவு எழுதினது நீருதானே?"

மெஷினில் குனிந்திருந்த அய்யாத்துரை நிமிர்ந்தான். நாற்பத்திரண்டு அங்குல மார்புள்ள ஆள். அவன் உட்கார்ந்தால் முக்காலி மறைந்துவிடும்.

"நீங்க சொன்னிய, நான் எழுதினேன். டேப்பு பழசுல்லா பாய், இழுத்திருக்கும்."

டேப்பு போன வாரம்தான் வாங்கியது. அது அய்யாத்துரைக்கும் தெரியும். பிறகு ஏன் அப்படிச் சொன்னான் என்று ஜெயினுலாப்தீன் யோசித்தார். அந்த யோசனை அன்றைக்கு முழுவதும் அவரை விடவில்லை.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பட்டாளத்துக்குச் சட்டை தைத்து ஓயாமல் ஓடிய அவருடைய தாராவிப் பட்டறையில் இப்போது ஆறு மெஷின்களில் நான்கு சாக்குப் போர்த்திக் கிடந்தன. இருந்த ஆட்கள் ஒவ்வொருவராக வேறு இடம் தேடிப் போய்விட, மிஞ்சியவன் அய்யாத்துரை ஒருவன்தான். அவனையும் மாட்டுங்காவில் புதுப் பட்டறை போட்ட கணேசபாண்டியன் கூப்பிட்டுக்கொண்டிருப்பதாகப் பேச்சு. இந்த நேரத்தில்தான் தாதரில் உள்ள ஒரு பிலிம் கம்பெனியிலிருந்து முப்பது சட்டைக்கு ஆர்டர் வந்தது. பிடித்துப்போனால் கம்பெனியின் உடுப்பு வேலை முழுவதும் அவருக்கே என்று சொல்லியிருந்தார்கள்.

மாதிரிச் சட்டையைக் கொண்டுவந்தவர் கம்பெனி குமாஸ்தா அனந்தநாராயணன். பழைய ராணுவச் சாமான் ஏலத்தில் கிடைத்ததாம்.

"இது இப்போ முடிஞ்ச யுத்தத்தோட சட்டை இல்லை மாஸ்டர். அதுக்கு முந்தின யுத்தம். பஸ்ராவுக்குக் கப்பலேறிப் போனாளே நம்ம சிப்பாய்கள், அவா போட்டுண்டது. காலர் கிடையாது. முன்பக்கம் முழுக்கத் திறக்காது, மூணே பொத்தான். தலைவழியாத்தான் மாட்டிக்கணும். டைரக்டர் பிடிவாதக்காரர். அச்சு அசலா இருக்கணும்கிறார்."

அப்போது ஜெயினுலாப்தீனுக்கு அந்தச் சட்டையின்மேல் ஆசையே வந்தது. கையைத் தூக்கினால் கிழியாமலிருக்க அக்குளில் வைத்துத் தைத்த சதுரத் துண்டு, தோள்பட்டைக்கு உள்ளே கொடுத்திருந்த இரட்டைத் துணி, முழங்கால்வரை இறங்கும் கீழ்மடிப்பு. துப்பாக்கி தூக்குபவனுக்காக யோசித்துத் தைத்த சட்டை. யாரோ ஒருவன் இதைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்காக மணலில் நடந்திருக்கிறான். துணியில் எங்கும் ஓட்டையில்லை, கறையில்லை. ஆளுக்கு என்ன ஆயிற்றோ.

அளவு மாறியதற்கு மறுநாள் காலை பட்டறைக்கு வந்து ஆணியில் தொங்கிய சட்டையைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார். அக்குள் இரண்டும் ஈரம். ஆடி மாதத்தில் தாராவியில் எதுதான் ஈரமில்லை, உப்பு டப்பாகூடக் கசியும். ஆனால் மழையீரம் ஜில்லென்று இருக்கும். இது வெதுவெதுவென்று இருந்தது. கழுத்துப்பட்டியில் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு. முகர்ந்தார். தோல் பதனிடும் கொட்டகைகளிலிருந்து இரவும் பகலும் வரும் நெடிக்கு மூக்கு மரத்துப்போயிருந்த அவருக்கு, அதற்கு அடியில் ஆற்றுச்சேற்று வாடையும், ஓடிக் களைத்த மனிதனின் வேர்வையும் தெளிவாகத் தெரிந்தன.

பட்டறையில் படுப்பவன் அய்யாத்துரை ஒருவன்தான்.

"சட்டையைப் போட்டுப் பாத்தீரா வே?"

அய்யாத்துரை சிரித்துவிட்டான். "நானா? என் ஒரு கை போகுமா பாய் அதுக்குள்ள?"

அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் சட்டையைத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டின் வளையத்தில் கறுப்பு நூலைச் சுற்றித் தமக்கு மட்டும் தெரிந்த முடிச்சு ஒன்றைப் போட்டுவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். காலையில் முடிச்சு போட்டபடியே இருந்தது. உள்ளே சட்டை, முதல் நாளைவிட அதிகமாக, பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வேர்த்திருந்தது.

முடிச்சு குலையாமலிருந்ததே அவருடைய சந்தேகத்தை உறுதியாக்கியது. பதினோரு வருஷமாக எதிரே உட்கார்ந்து தம் கையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தம் முடிச்சைப் போடத் தெரியாதா? மாற்றுச் சாவி செய்திருப்பான். ஆர்டரைக் கெடுத்துவிட்டு மாட்டுங்காவுக்குப் போகப் பார்க்கிறான். அதன் பிறகு அய்யாத்துரை செய்ததெல்லாம் தப்பாகவே பட்டது. விடியுமுன் ஏன் குளிக்கிறான்? அடுத்த பட்டறைக்காரனிடம் என்ன மெதுவாகப் பேசுகிறான்? பெட்டிப் பக்கம் முதுகு காட்டாமல் ஏன் உட்காருகிறான்?

"ராத்திரி பெட்டிக்குள்ள எலி ஓடுதா பாய்?" என்று அய்யாத்துரை ஒருமுறை தானாகவே கேட்டான். "என்னமோ இழுத்து இழுத்து விடுத மாதிரி ஒரு சத்தம். தூக்கமே இல்ல."

என்னமாய் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து திரும்பியபோது மழை வலுத்திருந்தது. தகரக் கூரையின் இரைச்சலில் மெஷின் சத்தமே கேட்கவில்லை. சட்டை மேசைமேல் விரித்திருந்தது. காஜா எடுத்த விதத்தைப் பார்ப்பதற்காக அவர்தான் காலையில் எடுத்து வைத்திருந்தார். பக்கத்தில் வந்து குனிந்தார். முன்பக்கத் துணி மெல்ல உப்பியது. நின்றது. தணிந்தது.

காற்று என்று நினைத்தார். கதவைச் சாத்தினார்.

மறுபடியும் உப்பியது.

சட்டென்று கையை உள்ளே விட்டுத் துழாவினார். எலி இல்லை. ஒன்றுமில்லை. துணியின் உள்பக்கம் சூடாக இருந்தது, காய்ச்சல்காரனின் வயிற்றைப் போல. கையை எடுத்தார். பயம் வந்திருக்க வேண்டிய இடத்தில் அவருக்குக் கோபம்தான் வந்தது. இதற்கு ஒரு ஆள் காரணமாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேறு எதை நம்புவது?

"எந்திரிம் வே. இதைப் போட்டுக் காட்டும்."

அய்யாத்துரை மெஷினை நிறுத்தினான். "என்ன பாய் இது?"

"போட்டுக் காட்டும். பத்தலைன்னா நான் உம்ம கால்ல விழுதேன். பத்திச்சுன்னா இப்பவே கணேசபாண்டியன்கிட்ட போயிரும்."

அய்யாத்துரையின் முகம் வாடியது. "அவரு கூப்பிட்டது நிசம்தான். வரமாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். ஒரே மேசையில பதினோரு வருசம் பாய். என்னையா திருடன்னு சொல்லுதிய?"

ஜெயினுலாப்தீன் சட்டையை நீட்டினார்.

அய்யாத்துரை பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோபத்தோடு சட்டையை வாங்கித் தலைவழியாக மாட்டினான். தோளில் சிக்கும், தையல் பிரியும் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள். சிக்கவில்லை. கைகள் போயின. தோள் போயிற்று. அந்த அகன்ற மார்பின்மேல் சட்டை வழுக்கிக்கொண்டு இறங்கி, அவனை அளந்து தைத்ததுபோல உட்கார்ந்தது.

"பாத்தீரா!" என்று ஜெயினுலாப்தீன் கத்தினார். "இப்ப என்னவே சொல்லுதீரு?"

அய்யாத்துரை குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய். இதைக் கழத்துங்க."

"நீரே கழத்தும்."

"நான் மூச்ச விடுதேன். இது உள்ள இழுக்கு." குரல் கம்மியது. "பாய். இது என் மூச்சு இல்ல."

ஜெயினுலாப்தீன் அப்போதுதான் பார்த்தார். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. மார்பு அதோடு சேரவில்லை. அது தன்பாட்டுக்கு, நிதானமாக, ஏறியது. இறங்கியது.

ஓடிப்போய் கழுத்துப்பட்டியைப் பிடித்தார். யாரும் போடாத பொத்தான் மூன்றும் பூட்டிக்கிடந்தன, நகரவில்லை. கத்தரியை எடுத்தார். துணிக்கும் தோலுக்கும் நடுவே அதன் நுனி நுழையவில்லை. நூல் நுழைய இடமில்லை. அய்யாத்துரையின் விரல்கள் அவர் மணிக்கட்டைப் பற்றின. இறுகின. கண்கள் அவரையே பார்த்தன. மன்னிப்புக் கேட்டால் போதும் என்பதுபோல.

"அய்யாத்துரை! தப்பு பண்ணிட்டேன்யா! அய்யாத்துரை!"

விரல்கள் தளர்ந்தன.

அந்தப் பெரிய உடம்பைத் தாங்கமாட்டாமல் அவரும் தரையில் உட்கார்ந்தார். மழை விட்டிருந்தது. எங்கும் ஒரு சத்தமில்லை. புறங்கையை அவன் மூக்கருகே கொண்டுபோனார். வைத்துக்கொண்டே இருந்தார்.

காற்று இல்லை.

உதடு நீலம். கன்னம் ஜில்லென்று ஆகிக்கொண்டிருந்தது. கண்கள் திறந்தபடி, கூரையில், அசையாமல்.

அதற்குக் கீழே, மூன்று பொத்தானும் போட்ட காக்கித் துணிக்குள், மார்பு மட்டும் ஏறியது. இறங்கியது. ஏறியது. வெகுதூரம் நடந்து வந்தவன் கடைசியில் படுக்க இடம் கிடைத்து அயர்ந்து தூங்குவதைப் போல.