உரிமையாளர் பெயர்

முதல் கணினிக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஆனாலும் அதன் ரெக்சின் மெத்தை, கனத்த மனிதர் ஒருவர் களைத்துப்போய் வந்து உட்கார்ந்தால் கேட்கும் அந்த நீண்ட பெருமூச்சோடு மெல்ல அமுங்கியது இராஜசிங்கத்தின் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தார். மெத்தையின் நடுவே ஒரு குழி இருந்தது. பழைய நாற்காலி, மழை ஈரம் என்று தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொண்டு, எரியும் கண்களைக் கசக்கிவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினார். குழி நிரம்பியதா என்று பார்க்கவில்லை.

ஈப்போ பழைய நகரத்தில், காப்பிக்கொட்டை வறுக்கும் சீனரின் கடைக்கு மேலே இருந்த அந்த மாடி அறையைத்தான் கம்பெனி சோதனைக்கூடம் என்று அழைத்தது. ஆண்டு எண்பத்தேழு. சுவரோரமாக ஐந்து கணினிகள், அவற்றுக்கு முன் சுழலும் நாற்காலிகள், மூலையில் ஒரு தொலைபேசி. கோலா கங்சாரில் ஒரு ரப்பர் கம்பெனி அலுவலகத்துக்கு மறுநாள் காலை அவை போயாக வேண்டும். அதற்கு முன் ஒவ்வொன்றிலும் வணிக அலுவலகங்களுக்கான புதிய இயங்குதளத்தை ஏற்றி, அதன் உரிமம் செயல்படுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கடினமான வேலை இல்லை, சலிப்பான வேலை. திரை உரிமையாளர் பெயரைக் கேட்கும். பெயரையும் உரிமச் சீட்டிலுள்ள நீண்ட எண்ணையும் அடித்தால், ஏற்கப்பட்டது என்று ஒரு வரி பச்சையாக எரியும். சோதனைக்கும் மனிதப் பெயரையே போட வேண்டும், ஒரு பெயர் இரண்டு முறை வரக்கூடாது என்பது தலைமையகத்தின் உத்தரவு.

"என் பேரப் போடுங்களேன் ஐயா," என்று மத்தியானமே சொல்லியிருந்தான் சன்னாசி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வரும் தொழில்நுட்ப ஊழியன், நாற்பதை நெருங்கியவன். "எங்க லயத்து வீடுகள்ல ஒரு ரேடியோகூட என் பேர்ல இல்ல. ஒரு நாளைக்காவது கம்ப்யூட்டருக்கு முதலாளியா இருந்துட்டுப் போறேன்லா."

"உனக்குச் சொந்தமில்லாத சாமானுக்கு உன்ர பேரைப் போட்டா அது பொய். உயிரோட இருக்கிறவையின்ர பேர் வேண்டாம்."

"அப்ப செத்தவங்க பேரா? அலாமாக்! இன்னிக்கு ஆடி அமாவாசை ஐயா!"

இராஜசிங்கம் சிரிக்கவில்லை. நாள் அவருக்கும் நினைவிருந்தது. ஆண்டுதோறும் இதே நாளில் கோயிலுக்குப் போய், எள்ளும் தண்ணீரும் கையில் ஏந்தி, தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் வாய்விட்டு அழைத்து வந்து ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிற குடும்பம் அது. இந்த ஆண்டு வேலை விடவில்லை. சொன்ன தேதியில் சொன்ன பொருளைக் கொடுக்காத இழுக்கும் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. பெயர்கள் இங்கேயாவது ஒலிக்கட்டும் என்று நினைத்தார். முதல் கணினியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து மறைந்த தகப்பனார் இளையதம்பியின் பெயரை அடித்தார். அடுத்ததில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த பாட்டனார் சதாசிவம். மூன்றாவதில் இளமையிலேயே போய்ச் சேர்ந்த தமையன் கனகசபை. ஒவ்வொரு பெயரையும் அடிக்கும்போது, பழக்க தோஷத்தால், வாய்விட்டும் சொன்னார். ஒவ்வொன்றும் முதல் தடவையிலேயே ஏற்கப்பட்டது.

நான்காவதற்குத்தான் யோசனை வந்தது. மறைந்த தாயாருக்குரிய நாள் சித்திரா பௌர்ணமி. அவர் பெயரை இந்த நாளில் அழைப்பதில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இறந்தது விமலாதேவி.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அவருடைய ஒரே மகள், சுங்கை சிப்புட்டில் ரப்பர் பால்வெட்டும் குடும்பத்துப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். செய்தி வந்த அன்று இராஜசிங்கம் குளியலறைக்குள் போய், செத்தவீட்டுக்குப் போய்வந்தவரைப் போலத் தலைமுழுகினார். கதவுக்கு வெளியே மனைவி சாரதாதேவி அழுதது தண்ணீர்ச் சத்தத்தோடு கலந்து கேட்டது. அன்றோடு அந்தப் பெண் அவருக்கு இல்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டவர்களுக்கு, ஒரு மகன், லண்டனில் படிக்கிறான் என்று நிமிர்ந்த முதுகோடு பதில் சொன்னார். ஆகவே அந்தப் பெயரை அடிப்பதில் பொய் ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

கணினி மறுத்தது.

எண்ணைச் சரிபார்த்து மறுபடி அடித்தார். மறுத்தது. சீட்டை விளக்கடியில் பிடித்து எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தார். மறுத்தது. முதல் நாற்காலியின் மெத்தை பெருமூச்சுவிட்டது அப்போதுதான்.

சன்னாசி காப்பி வாங்கக் கீழே போயிருந்தான். கிந்தா ஆற்றுப் பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்து தகரக் கூரையில் இறங்கியது; சாயங்கால வெளிச்சம் சன்னலில் சாம்பலாகி, திரைகளின் பச்சை மட்டும் சுவரில் ஈரம்போலப் படர்ந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், மிக நிதானமாக, இரும்பு மேசையின் விளிம்பில் மோதிரம் ஒன்று தட்டும் ஒலி. ரயில் தாமதமாகும் நாட்களில் தகப்பனார் அப்படித்தான் தட்டுவார். கீழிருந்து வரும் வறுத்த காப்பி வாசனையை விலக்கிக்கொண்டு வேறொரு வாசனை ஏறியது: எண்ணெயில் பொரியும் காத்தோட்டிக்காயின் கசப்பு வாசனை. அமாவாசை விரதச் சோற்றுக்கென்று ஊரிலிருந்து அது வற்றலாக வந்துகொண்டிருந்தது பாட்டனார் இருந்த காலத்தோடு சரி. ஈப்போ சந்தையில் யாரும் விற்பதில்லை.

அவருக்கு எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. ஆனால் கால்களில் நாள் முழுவதும் சேர்ந்த அலுப்பு ஈயமாகக் கிடந்தது. இருமல் ஒன்று கேட்டது. வயதானவரின் இருமல். அதன் அருகே இளைஞர் யாரோ தலைக்குத் தடவிய கிரீமின் இனிப்பு வாசனை. மூன்று மெத்தைகளிலும் குழி.

"காப்பி ஐயா," என்று படியேறி வந்தான் சன்னாசி. ஒரு கோப்பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி, நடு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான்.

"யாரு ஐயா வந்தா?"

"ஒருத்தரும் வரேல்லை."

"மெத்த சூடா இருக்கு ஐயா. ஆளு இப்பத்தான் எந்திரிச்சிப் போன மாதிரி." கால்சட்டையின் பின்புறத்தைத் தடவி, விரலை முகர்ந்தான். "எள்ளு வாசம். விளையாடாதீங்க ஐயா, எனக்கு இதெல்லாம் ஆகாது. கடைய மூடிட்டுப் போலாம்லா."

தொலைபேசி மணி அடித்தது. இராஜசிங்கம் நான்காவது நாற்காலியை விட்டு எழுந்து மூலைக்குப் போய் எடுத்தார்.

"இஞ்சருங்கோ," என்றது சாரதாதேவியின் குரல். மூச்சு வாங்கியது. "விமலா ஆஸ்பத்திரியில. இங்க, ஈப்போவிலதான். காலமையில இருந்து நோவு. பிள்ளை குறுக்க கிடக்குதாம். உங்களைத்தான் கேக்கிறாள். அப்பா வந்தா எனக்கு ஒண்டும் ஆகாது எண்டு சொல்லிச் சொல்லி அழுகிறாளாம். ஒருக்கா வாங்கோ. வராட்டியும் பரவாயில்லை, வாறன் எண்டு ஒரு சொல்லு சொல்லுங்கோ, நான் போய்ச் சொல்லுறன்."

நான்காவது திரையில் மறுப்பு வரி எரிந்துகொண்டிருந்தது. அது ஏன் மறுக்கிறது என்பது அவருக்கு அப்போது புரிந்தது. அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். பெயரை அழிக்க ஒரு விசை போதும். அவளுக்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

சன்னாசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுமுனையின் குரல் அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் தோட்டமும் மாப்பிள்ளையின் தோட்டமும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்து ஐயா இறங்கி வந்துட்டாருலா என்று இன்றைக்கே லயமெல்லாம் பேசும். அது மட்டுமல்ல. மோதிரத் தட்டல் நின்றிருந்தது. இருமல் அடங்கியிருந்தது. மூன்று நாற்காலிகளும், கிறீச்சென்ற ஒலிகூட இல்லாமல், அவர் பக்கம் திரும்பியிருந்தன.

"போங்க ஐயா," என்றான் சன்னாசி, தணிந்த குரலில். "நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். சத்தியமா. புள்ள கூப்பிடுது ஐயா."

இரக்கப்படுகிறான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஆர் விமலா?" என்றார் தொலைபேசியில். அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "எனக்கு அப்பிடி ஒரு மகள் இல்லை. அவள் செத்து மூண்டு வருசம்."

மறுமுனையில் தொடர்பு அறுந்த ஒலி.

நான்காவது திரை ஒருமுறை இருண்டது.

ஏற்கப்பட்டது.

அவர் விசைகளைத் தொடவில்லை. தொலைபேசி இன்னும் கையிலேயே இருந்தது.

டெட்டால் நெடி. அதன் கீழே, பச்சை ரத்தம். நான்காவது நாற்காலி மேசையை விட்டுப் பின்னால் நகர்ந்தது. அதிகமாகவே நகர்ந்தது, நிறைமாதக்காரி வயிற்றுக்கு இடம்விட்டு உட்காருவதுபோல. மெத்தை அமுங்கியது.

"ஐயா," என்றான் சன்னாசி. அவன் கோப்பை கீழே விழுந்து உருண்டது. படிகளில் அவன் ஓடும் சத்தம். பிறகு மழை மட்டும்.

நான்காவது கணினிக்குப் போய் அழிக்கும் விசையை அழுத்தினார். பெயர் அழியவில்லை. மறுபடி அழுத்தினார்.

"வாறன்," என்றார். "வாறன், பிள்ளை." குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

நான்காவது நாற்காலி மெல்ல முன்னால் நகர்ந்தது. மேசையை ஒட்டி. நெருக்கமாக. வயிற்றுக்கு இனி இடம் தேவைப்படவில்லை.

மூன்று நாற்காலிகளும் அவரை விட்டுத் திரும்பின. ஐந்தாவது கணினியை நோக்கி.

அதற்கு இன்னும் மின்சாரமே கொடுக்கவில்லை. திரை பச்சையாக விழித்தது. உரிமையாளர் பெயர் கேட்டது.

விசைகள் அமுங்கின. ஒவ்வொன்றாக அல்ல. ஐந்தாறு சேர்ந்தாற்போல. விரல்களைப் பிரிக்கத் தெரியாத கை.

அர்த்தமில்லாத எழுத்துகள் வரி முழுக்க ஓடின. திரை அவற்றை மறுத்தது. மறுபடி பெயர் கேட்டது.

மிகச் சிறிய உள்ளங்கை, ஈரமாக, மறுபடி தட்டியது.