வெங்காயத்தை அடைகாத்த கோழி

முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

லீலா கூடைக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காலையில் நல்ல சூடாக இருந்த முட்டை, இப்போது லேசான வெதுவெதுப்போடுதான் இருந்தது.

"எங்கடி போன, செவலை?" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

செவலை அவளுடைய கோழி. சரியாகச் சொன்னால், பாதி அவளுடையது. அவர்கள் ஊரான வல்லம் வடகாலில் கோழி இல்லாதவர்கள் கோழி வளர்க்கத் தொடங்குவது இப்படித்தான். கோழி உள்ளவர் ஒரு கோழியை 'வாரத்துக்கு' விடுவார். தீனி போடுவதும் காவல் காப்பதும் வாங்கியவர் பாடு. குஞ்சு பொரித்து வளர்ந்ததும் ஆளுக்குப் பாதி.

மேலத்தெரு பாப்பம்மாள் அத்தையின் பின்னாலேயே சுற்றி, கெஞ்சிக் கூத்தாடி, லீலா இந்தக் கோழியை வாரத்துக்கு வாங்கியிருந்தாள். அடைவைக்க முட்டைகளையும் அத்தைதான் கொடுத்தார். கூடவே ஒரு கண்டிப்பும் கொடுத்தார்.

"மொத்தமும் கூமுட்டை ஆச்சுன்னு வையி, கோழியத் தூக்கிக்கினு போயிடுவேன். அப்பறம் கோழி கீழின்னு என் வாசப்படி ஏறக் கூடாது, ஆமா!"

கூமுட்டை என்றால் குஞ்சு வராமல் கெட்டுப்போன முட்டை.

அது 1991ஆம் வருடத்து ஐப்பசி மாதம். மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அப்பா விடியும் முன்பே கம்பெனிக்கு முதல் ஷிப்டு போய்விட்டார். மழை சற்று வெறித்ததும் அம்மா கிளியம்மாள் களையெடுக்கப் போயிருந்தார். வீட்டில் லீலா மட்டும்தான்.

அடைக்கோழி தினமும் காலையில் ஒருமுறை எழுந்து போகும். இரை பொறுக்கும், தண்ணீர் குடிக்கும், ஓடிவந்து மறுபடியும் உட்கார்ந்துகொள்ளும். இன்று போன செவலை திரும்பவே இல்லை. இன்னும் சில நாளில் குஞ்சு வரவேண்டிய முட்டைகள் தனியே கிடந்தன.

கூடையில் மணல் பரப்பி, அதில் ஓர் இரும்பு ஆணியையும் கரித்துண்டையும் அம்மா போட்டு வைத்திருந்தார். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், அதற்குக் காவலாம். இடிக்குக் காவல் இருந்தது. கோழியே காணாமல் போனால் யார் காவல்?

லீலா அப்பாவின் நைட் ஷிப்டு ஸ்வெட்டரை எடுத்து முட்டைகளின் மேல் போர்த்தினாள். பிறகு தூறலில் ஓடினாள்.

"பா... பா... பா..."

வைக்கோல் போரடியில் இல்லை. குப்பைமேட்டில் இல்லை. ஏரிக்கரைப் பக்கம் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் வாயில் இறகு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இல்லை. உயிர் திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டு வேலியருகே வந்தபோது சத்தம் கேட்டது. கவிழ்த்து வைத்த கூடை ஒன்றுக்குள்ளிருந்து ஒரு கோழி பரிதாபமாக முனகியது.

பக்கத்து வீடு கங்கம்மாள் பெரியம்மாவுடையது. ஐயோ என்று ஆனது லீலாவுக்கு. பெரியம்மாவின் கீரைப்பாத்தியை ஊரில் உள்ள கோழிகள் எல்லாம் அறியும். பெரியம்மாவின் தடியையும் அறியும். செவலை ஒருநாள் அந்தப் பாத்தியைக் கிளறியதற்கு, தெருவே கூடி வேடிக்கை பார்க்கும்படி அவர் சண்டை போட்டிருந்தார்.

ஆனால் முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. லீலா படலைத் திறந்து உள்ளே போனாள்.

"பெரிம்மா, எங்க செவலையப் பாத்தீங்களா?"

"உங்க கோழிக்கு நானா காவக்காரி?" கங்கம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"கூடைக்குள்ள ஒண்ணு கத்துதே..."

"அது எங்க கோழி. முட்டை வுடறத நிறுத்திட்டு சும்மா சும்மா அடை உக்காந்துகினு கீது. புள்ள நைட்டு ஷிப்டு முடிஞ்சி வந்தா ஒரு முட்டை ஊத்திக் குடுக்க முடியல. அதான் அடை தெளிய வெக்கிறேன்."

அடை தெளிய வைப்பது என்றால் கோழிக்குப் பொல்லாத காலம். தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். மூக்கில் ஓர் இறகைச் செருகிவிடுவார்கள். அந்தத் தொல்லையில் கோழிக்கு அடைகாக்கும் எண்ணமே போய்விடும். அப்புறம் மறுபடியும் முட்டையிடத் தொடங்கும்.

பெரியம்மாவின் கோழியும் செவலை நிறம்தான்.

"பெரிம்மா, ஒரே ஒரு தரம் கூடையத் தூக்கிக் காட்டுங்க."

"ஏன், என்ன திருடின்றியா?"

"ஐயோ, இல்ல பெரிம்மா. எங்க கோழி கால்ல ஒரு தழும்பு இருக்கும். அது இல்லன்னா நான் பாட்டுக்குப் போயிடறேன்."

கங்கம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கூடையைத் தூக்கினார். நனைந்து, நடுங்கி, மூக்கில் இறகோடு ஒரு கோழி நின்றது. அதன் வலது காலில் வட்டமாக ஒரு தழும்பு.

செவலையேதான்!

கங்கம்மாளின் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது. "அப்ப எங்க கோழி எங்க?"

'கொர்ர்ர்' என்று விறகு அடுக்கிலிருந்து பதில் வந்தது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். விறகுக்கும் சுவருக்கும் நடுவில் கங்கம்மாளின் கோழி ஜம்மென்று அடை உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றடியில் இரண்டு வெங்காயங்கள் இருந்தன.

வேறு நாளாக இருந்தால் லீலா உருண்டு புரண்டு சிரித்திருப்பாள்.

"அடையாளத்துக்கு நீ ஒரு துணி கட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல?" கங்கம்மாளின் குரல் ஏறியது. தப்பு தன்மேல் என்று தெரிந்தால் பெரியவர்களின் குரல் ஏறத்தான் செய்யும்.

லீலாவுக்கும் கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் பெரியம்மா சொன்னதும் உண்மைதானே?

"கட்டியிருந்தேன் பெரிம்மா. கால அறுத்துச்சேன்னு நாந்தான் அவுத்துட்டேன். வேற துணி கட்டாதது என் தப்புதான்."

கங்கம்மாள் குனிந்தார். கோழியின் மூக்கிலிருந்த இறகை மெதுவாக உருவி எடுத்து, அதை லீலாவின் கையில் கொடுத்தார்.

லீலா செவலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். தாவணித் துண்டால் துடைத்தாள். ஸ்வெட்டரை விலக்கி, முட்டைகளின் மேல் பூப்போல வைத்தாள்.

செவலை முட்டைகளைப் பார்த்தது. யாருடையதோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூடையைவிட்டு எகிறிக் குதித்தது. மறுபடியும் பிடித்து வைத்தாள். மறுபடியும் குதித்தது. அடை தெளிந்துவிட்டது! பெரியம்மாவின் வைத்தியம் நன்றாகவே வேலை செய்திருந்தது.

முட்டை இப்போது கன்னத்தில் சில்லென்று பட்டது.

இங்கே முட்டை இருக்கிறது, உட்காரக் கோழி இல்லை. அங்கே கோழி உட்கார்ந்திருக்கிறது, முட்டை இல்லை. லீலா சட்டென்று எழுந்தாள்.

"பெரிம்மா! உங்க கோழிய எனக்குக் குடுங்க!"

கங்கம்மாள் முறைத்தார். "நல்லா கீதே நாயம்! அது எப்ப முட்டை வுடப்போவுதுன்னு நானே காத்துகினு கீறேன்."

"செவலைக்கு அடை தெளிஞ்சிடுச்சி. இனி அது முட்டை வுடும். அந்த முட்டையெல்லாம் உங்க வீட்டு அண்ணனுக்கு. உங்க கோழி எங்க முட்டைக்கு உக்காரட்டும்."

"ஆறிப்போன முட்டைக்கா? குஞ்சு வராட்டி என் கோழிக்கு வீண் அலைச்சல்."

"வந்துச்சின்னா?" லீலாவுக்கு மூச்சு வாங்கியது. "வந்துச்சின்னா, என் பங்குல பாதி உங்களுக்கு. வாரம்!"

கங்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பத்து வயதுப் பெண் தன்னிடம் வாரம் பேசுகிறாள்! நேராக விறகு அடுக்குக்குப் போய்க் கோழியைத் தூக்கினார். கோழி கழுத்தை நீட்டி, வெங்காயத்தைப் பார்த்துக் கத்தித் தீர்த்தது.

லீலா அதைக் கவனித்தாள். இரண்டு வெங்காயங்களையும் பொறுக்கிப் பாவாடையில் முடிந்துகொண்டாள்.

"அது எதுக்குடி?"

"அதோட புள்ளைங்களாச்சே பெரிம்மா."

கூடைக்குள் விட்டதும் கோழி உட்காரவில்லை. நின்றபடியே ஒரு முட்டையைக் கொத்தியது. லீலா பாவாடை முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு வெங்காயங்களையும் முட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். கோழி தலையைச் சாய்த்துப் பார்த்தது. அலகால் ஒரு வெங்காயத்தை உள்ளே தள்ளியது. பக்கத்திலிருந்த முட்டையையும் தள்ளியது. பிறகு இறகுகளை உப்பிக்கொண்டு மெதுவாக அமர்ந்தது.

லீலா கங்கம்மாளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

அதன்பிறகு வந்த நாட்கள் நத்தையாக ஊர்ந்தன. ஆறிய முட்டைக்குள் உயிர் இருக்குமா? அம்மாவிடம் கேட்டால், "இருந்தா வரும்மா" என்றார். அப்பாவும் அதையேதான் சொன்னார். லீலாவுக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, நடந்ததைக் கேள்விப்பட்டுப் பாப்பம்மாள் அத்தையே ஒரு காலையில் வந்துவிட்டார்.

"குண்டான்ல வெதுவெதுன்னு தண்ணி கொண்டா. உள்ள உசுரு இருந்தா முட்டை தண்ணியில ஆடும். இல்லன்னா சும்மா கிடக்கும். பாத்துடலாம்."

அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்ப்பதுபோல் கங்கம்மாள் நின்றார். பாத்திரம் தேயவே இல்லை.

அத்தை முதல் முட்டையைத் தண்ணீரில் விட்டார். அது மிதந்தது. ஆடவில்லை.

ஆடவே இல்லை.

"போச்சா?" என்றார் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கங்கம்மாள்.

அத்தை உதட்டைப் பிதுக்கி, அதை எடுத்து ஓரமாக வைத்தார். இரண்டாவது முட்டையை விட்டார். லீலா கண்களை இறுக மூடிக்கொண்டாள். இந்தக் கண்ணைத் திறக்கும்போது செவலை தன்னுடையதாக இருக்குமா, இருக்காதா?

"லீலா," அம்மா அவள் தோளைத் தொட்டார். "கண்ணத் தொற."

முட்டை ஆடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ உதைப்பதுபோல் துள்ளித் துள்ளி ஆடியது. அடுத்ததும் ஆடியது. அதற்கடுத்ததும் ஆடியது! லீலா அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள்.

மறுநாள் கூடைக்குள்ளிருந்து கீச் கீச்சென்று சத்தம் வந்தது. ஓரமாக வைத்த அந்த ஒன்றைத் தவிர எல்லா முட்டையிலும் குஞ்சு வந்திருந்தது. வெங்காயங்கள்கூடச் சும்மா இருக்கவில்லை. இரண்டும் பச்சையாக முளைவிட்டிருந்தன.

"நான் குடுத்தது ஒரு வாரம். நீ அதுக்குள்ள இன்னொரு வாரம் வுட்டுட்டியே, கெட்டிக்காரி!" பாப்பம்மாள் அத்தை லீலாவின் காதைத் திருகினார். "செவலை இங்கயே இருக்கட்டும். குஞ்சுங்க தாயவிட்டுப் பிரிஞ்சதும் பங்கு பிரிச்சிக்கலாம். என்னுது நாலு, உன்னுது ரெண்டு, கங்கம்மாவுக்கு ரெண்டு."

மழை விட்டு வெயில் வந்தது. தாய்க்கோழி குஞ்சுகளை முதன்முதலாக வெளியே கூட்டிக்கொண்டு கிளம்பியது. எங்கே போகும்? தன் சொந்த வீட்டுக்குத்தான் போகும். வேலிச் சந்தில் நுழைந்து நேராகக் கீரைப்பாத்தியில் இறங்கியது. கோழி கிளற, குஞ்சுகள் கிளற, கீரை பறந்தது.

லீலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஓடுவதற்குள் கங்கம்மாள் தடியோடு வந்துவிட்டார்.

"பெரிம்மா, வேணாம்!"

தடி மேலே போனது. மேலேயே நின்றது. கங்கம்மாள் குஞ்சுகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் உருண்டைகளாக இருந்தன.

"ஏண்டி லீலா, இதுல என்னுது எந்த ரெண்டு?"

"இன்னும் பிரிக்கலையே பெரிம்மா!"

கங்கம்மாள் பெருமூச்சு விட்டார். தடியை வேலியில் சாத்தினார்.

"அப்ப எதத்தான் நான் தொரத்துறது?" என்றபடி பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கீரையைக் கிள்ளி, தன் கையாலேயே குஞ்சுகளுக்கு நீட்டினார்.