டிரான்ஸ்பார்மருக்கு வந்த கடலை எண்ணெய்

ஒரகடத்தில் டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த கோதண்டம், ஒரு சனிக்கிழமை காலை துப்பறியும் சுந்தராம்பாளைத் தேடி வந்தார். புகாரோடு குற்றவாளியின் பெயரையும் கொண்டுவந்திருந்தார்.

"எங்க பட்டறை ஆளு யாக்கோபுதாம்மா. ஷெட்டு சாவி அவன்கிட்டதான் கீது. எண்ணெயில தண்ணிய கலந்துட்டான். காத்தாலயே அவன் வூட்டாண்ட போயி, தெருவே கேக்க, இனிமே வேல இல்லன்னு கத்திட்டு வந்தேன். போலீசுல குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தரம் பாத்துடுங்க."

மினரல் ஆயில் கிடைக்காத வருஷம் அது. டிரான்ஸ்பார்மருக்குள் மின்சாரம் கம்பிக்குக் கம்பி தாவாமல் தடுக்க, கடலை எண்ணெயை ஊற்றிப் பார்க்கக் கோதண்டம் துணிந்திருந்தார். காய்ச்சி, வடிகட்டி, இரண்டு டிரம்களில் நிரப்பினார். வெள்ளிக்கிழமை மதியச் சோதனையில் இரண்டும் தேறின. மறுநாள் காலை ஒன்றில் மட்டும், குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பறந்தது.

ஷெட்டு வாசலில் நின்ற யாக்கோபைப் பார்த்ததுமே, இவன்தான் என்று சுந்தராம்பாளின் உதவியாளர் லீலா முடிவுகட்டிவிட்டாள். அவன் தலை குனிந்திருந்தான். பயந்தவனும் அப்படித்தான் நிற்பான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

"நேத்து டெஸ்ட் முடிஞ்சப்புறம் உள்ள யார் வந்தாங்க?" என்று கேட்டார் சுந்தராம்பாள்.

"யாரும் வரலீங்க. பூட்டி, சாவிய இடுப்புல சொருவிக்கினுதான் படுத்தேன்."

உள்ளே எண்ணெய் வாசனையோடு சாம்பிராணி மணமும் தங்கியிருந்தது. கெட்டுப்போன டிரம்மின் மூடியைச் சுற்றி எறும்பு மொய்த்தது. பக்கத்து டிரம்மில் ஒன்றுகூட இல்லை.

"தண்ணிக்கு இவ்வளவு எறும்பு வராது, லீலா," என்ற சுந்தராம்பாள், கோதண்டத்தின் மனைவி கோவிந்தம்மாவை அழைத்துவரச் சொன்னார்.

"நேத்து சாயங்காலம் சாம்பிராணி போட்டது நீங்கதானே?"

"ஆமா. வெள்ளிக்கெழமைன்னா போடறதுதான்."

யாக்கோபு திகைத்தான். "அம்மா எப்பவும் வர்றவங்க. அவங்கள வந்தவங்கன்னு நெனைக்கவே இல்லீங்க."

"டிரம்முல என்ன போட்டீங்க?"

"வெல்லந்தான். வூட்ல எண்ணெய் காறாம இருக்கப் போடறதில்லையா? இவரு அல்லாடிக்கினு காய்ச்சி வெச்சாரு. கெட்டுப்போனா மனசு ஒடிஞ்சிடுவாரேன்னு போட்டேன்."

"சமையலுக்குச் சரிம்மா. ஆனா வெல்லத்துல ஈரமும் அழுக்கும் இருக்கு. அது துளி எறங்கினாலும் அந்த எண்ணெய் மின்சாரத்தைத் தடுக்காது."

கோதண்டம் மனைவியைப் பார்த்தார். "அந்த இன்னொரு டிரம்ம ஏன் வுட்ட?"

"வெல்லம் தீந்துபோச்சு."

லீலாவுக்குச் சிரிப்பு வந்தது. யாக்கோபைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

கோதண்டம் யாக்கோபு பக்கம் திரும்பினார். "நாளைக்கு வேலைக்கு வந்துடுப்பா."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம மொதலாளி, பூசைக்குப் போவணும்," என்றான் யாக்கோபு. "திங்கக்கெழம எங்க வூட்டாண்ட வந்து, தெருவுக்குக் கேக்கறமாதிரி கூப்புடுங்க. வரேன்."